குளிர் முந்திக்கொண்டது: நார்வே ஓடையில் 80 நிமிடங்கள்

1999 மே 20, மாலை. நார்வேயின் வடக்கே நார்விக் என்ற துறைமுக ஊர். மே மாதக் கடைசியில் அங்கே இருட்டுவதே அபூர்வம். வேலை முடிந்த பிறகும் பனிச்சறுக்குக்குப் போய்வர வெளிச்சம் மிச்சமிருக்கும். உள்ளூர் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஸ்வீடன்காரர் அன்னா போகென்ஹோல்ம், உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரோடு மலைக்குப் போனார். அவருக்கு அப்போது வயது 29. பனிச்சறுக்கில் நல்ல கை.

ஒரு செங்குத்தான இறக்கத்தில் அவர் தடுமாறி, உறைந்துகிடந்த ஓடையின்மேல் மல்லாந்து தலைகுப்புற விழுந்தார். பனிப்பாளத்தில் திறப்பு விழுந்து தலையும் உடலும் உள்ளே இழுபட்டன. பனிக்காலணி மாட்டிய கால்கள் மட்டும் வெளியே. மலையில் உருகிய தண்ணீர் உடைக்குள் புகுந்து அவரை மேலும் உள்ளே தள்ளியது. தலைக்கு மேல் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பனி. நண்பர்கள் இருவரும் கால்களைப் பிடித்து இழுத்தார்கள், அசையவில்லை. விழுந்து ஏழு நிமிடங்களில், 6.27 மணிக்கு, கைப்பேசியில் உதவி கேட்டார்கள்.

பனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று தங்கிய சிறு இடுக்கு ஒன்று அன்னாவின் முகத்துக்கு எட்டியது. அவர் மூச்சுவிட்டார், கைகால்களை அசைத்தார். ஏறக்குறைய 40 நிமிடங்கள் நினைவோடு இருந்தார். பிறகு அசைவு நின்றது. மீட்புக் குழுவினர் வந்து பனி அள்ளும் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார்கள், பாளம் உடையவில்லை. இன்னொரு குழு கொண்டுவந்த கூர்முனைத் தோட்ட மண்வெட்டிதான் கடைசியில் வழிவிட்டது. 7.40-க்கு அவரை வெளியே எடுத்தபோது நாடி இல்லை, மூச்சு இல்லை, கண்பாவைகள் விரிந்துகிடந்தன. தண்ணீரில் இருந்தது மொத்தம் 80 நிமிடங்கள். அதில் பின்பாதி முழுக்க இதயம் ஓடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அங்கேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றி, ஒரு மணி நேரம் பறந்து, டிராம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 9.10-க்குக் கொண்டுசேர்த்தார்கள். வழி முழுக்க நெஞ்சழுத்தத்தை நிறுத்தவே இல்லை. இசிஜி தட்டையான கோடு. தோல் சாம்பல் வெள்ளை. தொட்டால் பனிக்கட்டி. அங்கே பதிவான மிகத் தாழ்ந்த உடல் வெப்பநிலை 13.7 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டைவிடச் சற்றுதான் மேலே.

அவசரப் பிரிவின் தலைவர் மாட்ஸ் கில்பர்ட். குளிர்நாட்டு மருத்துவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வழக்கு உண்டு: சூடேற்றிப் பார்த்தும் எழாதவரைத்தான் இறந்தவர் என்று எழுத வேண்டும். சொல்ல எளிது. 1999-க்கு முன்னால், இதயம் நின்று விறைத்துப்போய் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. ஆனாலும் கில்பர்ட் குழு அன்னாவை அறுவை அரங்குக்கு எடுத்துப்போய் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தது. உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் அதே இயந்திரம்தான், பைபாஸ் அறுவையில் பயன்படுவது. 10.15-க்கு இதயம் தானாகத் துடித்தது. நள்ளிரவு தாண்டி 12.49-க்கு உடல் 36.4 டிகிரியைத் தொட்டது. நூறு பேருக்கு மேல் முறைபோட்டு ஒன்பது மணி நேரம் உழைத்தார்கள்.

பத்து நாள் கழித்து அவர் கண் விழித்தார். மூளை பழையபடியே இருந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் "அதிசயம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தியில்லை. ரத்த ஓட்டம் நின்று நாலைந்து நிமிடத்தில் சேதப்படத் தொடங்கும் உறுப்பு மூளை. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் நாம் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட உறுப்பு 40 நிமிடங்கள் பட்டினி கிடந்து பிழைத்தது எப்படி என்றால், "குளிர் காப்பாற்றியது" என்பது பாதி பதில். குளிர் மூளைக்குள் எதைத் தொட்டது, எந்த வரிசையில் தொட்டது என்பதில்தான் மீதி இருக்கிறது.

கம்பியும் இடைவெளியும்

ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை மின்சாரம். அணுவின் நீண்ட வால் போன்ற ஆக்சான் வழியே ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. இரண்டாவது வேலை ரசாயனம். ஆக்சானின் முனைக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவில் நூலிழையைவிட மிக மெல்லிய இடைவெளி, அதுதான் சினாப்ஸ். துடிப்பு முனைக்கு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும். கால்சியம் உள்ளே பாயும். ரசாயனம் நிரம்பிய நுண்பைகள் சுவரோடு ஒட்டி உடைந்து குளூட்டமேட் போன்ற பொருளை இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கத்து ஏற்பிகள் அதைப் பிடிக்கும். அப்புறம் கொட்டியதை அள்ளி உள்ளே வைக்க வேண்டும், உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ள வேண்டும். இந்தக் கடைசிக் கூட்டிப்பெருக்கும் வேலைக்குத்தான் செலவு அதிகம்.

குளிர் இந்த இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கம்பிப் பகுதியை முதலில் அளந்தவர்கள் கணவாய் மீனின் தடித்த ஆக்சானை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். ஹாட்ஜ்கினும் காட்ஸும் 1949-இல் அதைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். துடிப்பு மெதுவானது, அகலமானது. ஆனால் உயரம் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. வாயில்கள் திறப்பதும் மூடுவதும் தாமதமாகும்போது சோடியம் கூடுதல் நேரம் உள்ளே வருகிறது, அதனால்தான். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய புகழ்பெற்ற சமன்பாடுகளில், பத்து டிகிரி மாறினால் வாயில்களின் வேகம் மூன்று மடங்கு மாறும் என்ற கணக்கு உள்ளேயே இருக்கிறது.

இதைப் பார்க்கக் கணவாய்க்குக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. நரம்பு வேகம் அளக்கும் சோதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் டெக்னீஷியன் முதலில் கையைச் சூடாக்கச் சொல்வார். தோல் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால், நல்ல நரம்பும் நோய்ப்பட்ட நரம்பு போல மெதுவாகத் தெரியும். ஒரு டிகிரி குறைந்தால் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகம் போய்விடும். கூடவே திரையில் அலை பெரிதாகத் தெரியும். கணவாயில் பார்த்த அதே விஷயம், மனிதக் கையில்.

மெதுவாகிறதே தவிர, கம்பி லேசில் அறுந்துபோவதில்லை. உறையிட்ட நரம்பு இழைகளில் துடிப்பு முழுக்க நிற்க வேண்டுமானால் 10 டிகிரிக்கும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

இடைவெளிப் பகுதி அப்படியல்ல. காட்ஸும் மிலெடியும் 1965-இல் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தைக் குளிர்வித்தார்கள். துடிப்பு முனைக்கு வந்த கணத்துக்கும் ரசாயனம் வெளியே வரும் கணத்துக்கும் நடுவே உள்ள தாமதம் பலமடங்கு நீண்டது. நீண்டது மட்டுமில்லை, சிதறவும் செய்தது. சூட்டில் நுண்பைகள் ஒரே நேரத்தில், கைதட்டுவது போல உடையும். குளிரில் ஒன்று இப்போது, இன்னொன்று அப்புறம் என்று உடையும். எதிர்ப்பக்கத்து அணுவுக்கு அது தட்டலாகக் கேட்பதில்லை, முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஒரு நரம்பணு சுட வேண்டுமானால் பல இடங்களிலிருந்து வரும் சேதிகள் சில மில்லிநொடிக்குள் ஒன்றுசேர வேண்டும். நேரம் சிதறினால் கூட்டம் கலைந்துவிடும்.

ஆகவே ஒரு பாதையில் எத்தனை சினாப்ஸ்கள் இருக்கின்றனவோ அத்தனை சீக்கிரம் குளிர் அதை அடைத்துவிடும். இது ஊகமில்லை. பெருந்தமனி அறுவைக்காக நோயாளியின் உடலைக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் முறை இருக்கிறது. அப்படிப்பட்ட 109 பேரை அறுவையின்போதே கண்காணித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. மணிக்கட்டு நரம்பைத் தூண்டி, அந்தச் சேதி தோள், தண்டுவடம், மூளையின் வெளியடுக்கான மூளைப்புறணி என்று ஒவ்வொரு நிலையத்திலும் வந்துசேர்கிறதா என்று பார்த்தார்கள். குளிர்விக்கக் குளிர்விக்கப் புறணியின் அலைதான் முதலில் காணாமல்போனது, சராசரியாக 21 டிகிரி வாக்கில். தண்டுவட அலை அதற்கும் கீழே. சினாப்ஸே குறுக்கிடாத கை நரம்பின் அலை எல்லாவற்றுக்கும் பின்னால். வண்டி எந்த நிலையத்தில் நின்றது என்று பார்த்தாலே எங்கே தடம் கெட்டது என்று தெரிந்துவிடுகிறது.

மௌனத்துக்கு முன் ஒரு சலசலப்பு

குளிர்ந்தால் மூளை ஒரேயடியாக நேர்கோட்டில் அடங்கிப்போகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. எலி மூளையின் மெல்லிய சீவல்களைக் கிண்ணத்தில் உயிரோடு வைத்துச் சில டிகிரி குறைத்துப் பார்த்தவர்கள், அணுக்கள் முதலில் எளிதில் சீண்டப்படும் நிலைக்குப் போவதைக் கண்டிருக்கிறார்கள். சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் தளர்வதால் அணுவின் ஓய்வு மின்னழுத்தம் சற்று மேலே ஏறுகிறது. சவ்வில் கசிவு குறைவதால் சிறிய தூண்டலுக்கும் பெரிய அசைவு வருகிறது. துடிப்பு அகலமாவதால் கால்சியமும் அதிக நேரம் நுழைகிறது. ஒரு துடிப்புக்குக் கொட்டும் ரசாயனம் சில இடங்களில் கூடவும் செய்யும். இன்னும் கீழே இறங்கினால்தான் எல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன.

ஆனால் முழு மூளையில், அதுவும் உள்ளுக்குள்ளேயே வலிப்பு கிளம்பும் இடத்தில், குளிர் பெரும்பாலும் அடக்கவே செய்கிறது. மூளை அறுவையின்போது புறணியை மின்சாரத்தால் தூண்டி வரைபடம் போடுகையில் நோயாளிக்குத் திடீரென்று வலிப்பு வருவதுண்டு. சார்ட்டோரியஸும் பெர்கரும் 1998-இல் ஒரு வழி எழுதினார்கள்: குளிர்ந்த ரிங்கர் உப்புநீரை அந்த இடத்தில் நேராக ஊற்றுவது. வலிப்பு சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. மருந்து வேண்டாம், மயக்கத்தை ஆழப்படுத்த வேண்டாம். இன்றும் பல அறுவை அரங்குகளில் செவிலியர் அந்தக் குளிர்ந்த பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மருத்துவத்தின் மிக அழகான எளிய தந்திரங்களில் ஒன்று.

அடங்குவதற்கும் மெதுவாவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இன்னொரு கிளைக்கதை சொல்ல வேண்டும். ஸீப்ரா ஃபின்ச் என்ற சிட்டு ஒரே பாட்டை வாழ்நாள் முழுக்க இம்மி பிசகாமல் பாடும். மைக்கேல் லாங், மிஷேல் ஃபீ இருவரும் 2008-இல் அதன் மூளையில் பாட்டோடு தொடர்புள்ள ஒரு பகுதியைச் சிறு கருவியால் சில டிகிரி மட்டும் குளிர்வித்தார்கள். பாட்டு 45 சதவீதம் வரை மெதுவானது. சுரம் கெடவில்லை, வரிசை கெடவில்லை. இசைத்தட்டு ஒன்றைக் கொஞ்சம் மெதுவாகச் சுழலவிட்டது போல மட்டும். அடுத்த கட்டத்துப் பகுதியைக் குளிர்வித்தபோது வேகம் மாறவில்லை. பாட்டின் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துபோனது. 2016-இல் லாங்கும் அயோவா அறுவை மருத்துவர்களும் இதையே மனிதரிடம் செய்தார்கள். விழிப்போடு மூளை அறுவை செய்துகொண்டவர்கள், புறணியின் ஒரு துண்டு குளிர்ந்திருக்கும்போது வழக்கமான சொல்வரிசைகளை ஒப்பித்தார்கள். பேச்சோடு தொடர்புள்ள புரோக்கா பகுதியைக் குளிர்வித்தால் பேச்சின் நேரம் தடுமாறியது. உதடு நாக்கை ஆட்டும் பகுதியைக் குளிர்வித்தால் பேச்சு குழறியது. இரண்டுமே சூடு திரும்பியதும் சரியாகிவிட்டன.

ஆகச் சில டிகிரி என்றால் பேச்சு மெதுவாகும். இன்னும் சில டிகிரி என்றால் குழறும். அப்புறம் மௌனம்.

அந்த மௌனம் எதை மிச்சம் பிடித்தது

அதே 109 பேர் ஆய்வில் மூளையின் தானியங்கி மின்னலைகளையும் பார்த்தார்கள். 30 டிகிரி வாக்கில், அந்த அலைகளை வரையும் இஇஜியில் விட்டுவிட்டு வரும் புதிய வடிவங்கள் தென்படத் தொடங்கின. 24 வாக்கில் சிறு வெடிப்பு, நீண்ட அமைதி, மறுபடி வெடிப்பு. 18 டிகிரி வாக்கில் கோடு தட்டை. ஆளுக்கு ஆள் வேறுபாடு நிறைய, 12-க்குப் போக வேண்டியிருந்தவரும் உண்டு, 27-லேயே அடங்கியவரும் உண்டு.

அன்னா நினைவோடு இருந்த முதல் 40 நிமிடங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உறைநிலைத் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். ஓடும் தண்ணீர் இன்னும் மோசம். உடைக்குள் தண்ணீர், தலை நேராகப் பனிக்கு அடியில். அந்த 40 நிமிடங்களும் இதயம் துடித்துக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்ந்த ரத்தத்தை அதுவே மூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. சுவாசிக்கக் காற்று இருந்ததால் அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் இருந்தது. இதயமே அவருடைய மூளையைக் குளிர்விக்கும் இயந்திரமாக வேலை செய்தது, அது நிற்கும் வரை. என் வாசிப்பில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். காற்று இடுக்கு கிடைக்காமல் போயிருந்தால், குளிர் வருவதற்கு முன்னால் மூச்சு போயிருக்கும்.

மௌனம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? சாதாரணமாக ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 சதவீதம் குறையும் என்பார்கள். மிச்சன்ஃபெல்டரும் மில்டேயும் 1991-இல் நாய்களில் அளந்தபோது அதற்குள் ஒரு மடிப்பு இருப்பது தெரிந்தது. 37-லிருந்து 27 வரை இறங்கும் முதல் பத்து டிகிரியில் தேவை இரண்டே காலில் ஒரு பங்கு வாக்கில் ஆகிவிடுகிறது. அது எல்லா ரசாயன வினைகளுக்கும் உள்ள வழக்கமான சரிவு. ஆனால் 27-க்குக் கீழே அடுத்த பத்து டிகிரியில் மிச்சம் நாலரையில் ஒரு பங்காகிவிடுகிறது. வெறும் குளிரால் இவ்வளவு குறையாது. அந்த இடத்தில்தான் அணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்துகின்றன. பேச்சு நின்றால், பேச்சுக்குப் பிறகான கூட்டிப்பெருக்கும் செலவும் நிற்கிறது. பம்ப் ஓட வேண்டிய வேலை இல்லாமல்போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்ச் செலவு முதலில் 44 ரூபாய் ஆகிறது, அடுத்து 10 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்குக் காணும் கையிருப்பு, பத்தில் ஒரு பங்குச் செலவில் 50 நிமிடம் தாங்கும். அறுவை மருத்துவர்கள் 18 டிகிரியில் ரத்த ஓட்டத்தை அரைமணி, முக்கால்மணி வரை நிறுத்தத் துணிவது இந்தக் கணக்கை நம்பித்தான். அன்னாவின் இதயம் நின்ற நேரத்துக்கும் நெஞ்சழுத்தம் தொடங்கிய நேரத்துக்கும் நடுவில் உள்ள 40 நிமிடங்களும் இதற்குள் அடங்குகின்றன. கணக்கு மிகவும் விளிம்பில்தான் பொருந்துகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவு ஒரு பக்கம். கொலைகாரன் இன்னொரு பக்கம். ரத்தம் நின்ற மூளையில் அணுக்களைக் கொல்வது பட்டினி மட்டுமல்ல, அவற்றின் சொந்தப் பேச்சும்தான். ஆற்றல் தீர்ந்ததும் அணுக்கள் கட்டுப்பாடு இழந்து குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன. கொட்டியதை அள்ள ஆளில்லை. அடுத்த அணு அளவுக்கு மீறிக் கிளர்ந்து, அதற்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து, அதுவும் சாகிறது. ஊரே ஒரே நேரத்தில் கத்தினால் எப்படியோ அப்படி. மயாமியில் பஸ்டோவின் குழு 1980-களின் கடைசியில் எலிகளில் காட்டியது இது: ரத்தம் நிற்கும் நேரத்தில் மூளை 36 டிகிரியில் இருந்தால் குளூட்டமேட் பலமடங்கு பொங்குகிறது, 33 அல்லது 30 டிகிரியில் இருந்தால் அந்தப் பொங்கல் அடங்கிப்போகிறது. வெறும் மூன்று டிகிரிதான் வித்தியாசம். அதற்கு முன்னால் சோதனைகளில் பெரும்பாலானோர் எலியின் மூளைச் சூட்டைத் தனியாக அளந்து சரிபார்க்கவில்லை. பலருடைய பழைய முடிவுகள் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதற்கு அங்கே பதில் கிடைத்தது.

வரிசை மாறினால்

"குளிர்வித்தால் மூளை பிழைக்கும்" என்று இதைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு அடுத்த இருபது ஆண்டுகள் நம்பிக்கையில் தொடங்கிக் கசப்பில் முடிந்தன. 2002-இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த இரண்டு ஆய்வுகள், இதயம் நின்று மீண்டவர்களைப் பின்னால் 33 டிகிரி வாக்கில் வைத்திருந்தால் மூளை நன்றாகத் தேறுகிறது என்றன. உலகம் முழுக்க ஐசியுக்களில் குளிர்ப் போர்வைகள் வந்தன. 2021-இல் 1,900 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 33 டிகிரியையும், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதையும் ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சரிபாதி. குளிரால் பலன் இல்லை.

அதே 2021-இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளின் ஏழு பச்சிளம் குழந்தை ஐசியுக்களில் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வும் வெளியானது. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த 408 குழந்தைகள். பாதிப் பேரை 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைத்தார்கள். பணக்கார நாடுகளில் இந்த முறை குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்பது முன்பே பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். இங்கே குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். நம் மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது மிகச் சங்கடமான முடிவு. குழந்தைகளுக்கு எப்போது அடி விழுந்தது என்பதே இங்கும் அங்கும் வேறாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பிரசவத்துக்கு வெகுநேரம் முன்பே அடி விழுந்திருந்தால், பிறந்தபின் குளிர்விப்பது குளூட்டமேட் பொங்கி வடிந்த பிறகு வந்து அணை கட்டுவதுபோல.

அன்னாவுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு டிகிரிக் கணக்கில் இல்லை. அவருக்குக் குளிர் முதலில் வந்தது, பட்டினி பிறகு வந்தது. மற்ற எல்லோருக்கும் பட்டினி முந்திவிட்டது. பனிச்சரிவில் சிக்கியவர்களைச் சூடேற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவர்கள் இந்த வரிசையைத்தான் தேடுகிறார்கள், அதற்கு ஒரு எளிய துப்பும் வைத்திருக்கிறார்கள்: ரத்தத்தில் பொட்டாசியம். அணுக்கள் மூச்சில்லாமல் செத்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அளவு மிக அதிகமாக இருந்தால், இவர் குளிர்வதற்கு முன்பே மூச்சடைத்துப் போனவர், சூடேற்றிப் பயனில்லை. அளவு சாதாரணமாக இருந்தால், குளிர் முந்தியிருக்கிறது, இயந்திரத்தை ஓட்டுங்கள்.

திரும்பி வந்த பிறகு

மௌனமான சினாப்ஸ்கள் சூடு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குமா? இங்கே விலங்குகள் கொஞ்சம் சொல்லித்தருகின்றன. ஆர்க்டிக் தரையணில் குளிர்காலத் தூக்கத்தில் உடலை உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 2.9 டிகிரி வரை இறக்கும். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் அணில்களின் மூளையைப் பார்த்தவர்கள், நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கி, இணைப்பு முடிச்சுகள் பல காணாமல்போயிருப்பதையும், விழித்த சில மணி நேரத்தில் அவை மீண்டும் முளைப்பதையும் கண்டார்கள். தூங்கப்போகும்போது சாமான்களைக் கட்டிவைத்து, எழுந்ததும் பிரித்து அடுக்குவது மாதிரி. 2015-இல் ஜியோவன்னா மல்லுச்சியின் குழு சாதாரண எலிகளை 16-18 டிகிரிக்கு முக்கால்மணி நேரம் குளிர்வித்தபோதும் இதுவே நடந்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் சினாப்ஸ்கள் நாலில் ஒரு பங்கு உதிர்ந்தன, சூடேறி ஒரு நாளில் திரும்பின. அதற்கு ஆர்பிஎம்3 என்ற ஒரு குளிர்ப் புரதம் தேவைப்படுகிறது. நரம்புச் சிதைவு நோய் உள்ள எலிகளில் உதிர்வது நடந்தது, திரும்பி முளைப்பது நடக்கவில்லை.

அன்னாவுக்கு மூளை திரும்பியது. உடல் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. விழித்தபோது கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியவில்லை. நுரையீரல் கெட்டு 35 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். சிறுநீரகமும் குடலும் தகராறு செய்தன. வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கவா என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நண்பர்கள்மேல் கோபப்பட்டார், பின்னால் மன்னிப்பும் கேட்டார். அந்த நிகழ்வை 2000-இல் கில்பர்ட்டும் உடன் இருந்தவர்களும் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது உடலும் மனமும் நன்றாகத் தேறியதாகக் குறித்தார்கள். பிற்காலத்தில் போலந்தில் ஒரு குழந்தை இதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து மீண்டது, ஆனால் குளிர் மருத்துவத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் எடுப்பது நார்விக் ஓடையைத்தான்.

அவருக்கு மீதியாக நின்றது கைகளிலும் கால்களிலும்தான். பத்து ஆண்டு கழித்தும் அங்கே நரம்புப் பாதிப்பின் சிறு தொந்தரவுகள் இருந்தன. 10 டிகிரி வரை பேசிக்கொண்டே இருக்கக்கூடிய, சினாப்ஸே இல்லாத, தடித்த கம்பிகள் நொந்துபோயின. 20 டிகிரியிலேயே வாயை மூடிக்கொண்ட புறணி பிழைத்துக்கொண்டது. எலும்பு அறுவைக்குப் பயிற்சி பெற்றவர் பின்னால் கதிரியக்கப் படங்களைப் படிக்கும் மருத்துவரானார். வேலை பார்த்தது டிராம்சோவில், அவரைச் சூடேற்றிய அதே மருத்துவமனையில்.